குழி விழுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு: சாலைப் பராமரிப்பு நிதி பற்றிய கேள்வி பதில்

சாலைக்குப் பணம் ஒதுக்கும் மேசையைச் சுற்றி உட்காரும் பொறியாளர், கணக்குப் பிரிவு அலுவலர், மன்ற உறுப்பினர் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் தார்ச்சாலையை மனதில் வைத்து எழுதியவை. கான்கிரீட் சாலைக்கு வைத்தியம் வேறு, கணக்கு ஏறக்குறைய இதேதான்.

புதுச் சாலை போடப் பணம் வந்துவிடுகிறது. இருப்பதைக் காப்பாற்ற ஏன் வருவதில்லை?

புதுச் சாலைக்கு ரிப்பன் வெட்டலாம். விரிசலில் தார் ஊற்றியதற்கு யாரும் விழா எடுப்பதில்லை. ஆனால் அதைவிட அழுத்தமான காரணம் ஒன்று இருக்கிறது. பராமரிப்பைத் தள்ளிப்போட்டால் அந்த ஆண்டு ஒன்றுமே நடக்காது. சம்பளம் போடாவிட்டால் அடுத்த நாளே தெரிந்துவிடும், மின்கட்டணம் கட்டாவிட்டால் விளக்கு அணையும். சாலை மட்டும் வாயைத் திறக்காது. நான்கைந்து ஆண்டு கழித்துத்தான் பேசும். அப்போது ஒதுக்கீட்டை வெட்டியவர் வேறு நாற்காலியில் இருப்பார், பதில் சொல்ல நீங்கள் இருப்பீர்கள்.

இந்த மௌனத்தின் விலையை 1988-ல் உலக வங்கி கணக்கிட்டுப் பார்த்தது. வளரும் நாடுகளில் கெட்டுப்போன சாலைகளைத் திரும்பக் கட்ட 4,000 முதல் 4,500 கோடி டாலர் வரை ஆகும், காலத்தில் பராமரித்திருந்தால் 1,200 கோடிக்குள் முடிந்திருக்கும் என்று சொன்னது. அதன் பிறகு வந்த கணக்குகளில் எண்கள் மாறின, சாய்வு மாறவில்லை.

நல்ல சாலையில் ஏன் செலவழிக்க வேண்டும்? குழி விழுந்த சாலையை முதலில் பார்க்க வேண்டாமா?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான், கேட்பதும் நியாயம்தான். பதில் புரிய வேண்டுமென்றால் ஒரு விரிசலை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

போட்டு ஐந்தாறு ஆண்டு ஆன சாலை. மேலே வெயிலும் காற்றும் பட்டுத் தார் இறுகியிருக்கும். சக்கரம் ஓடும் தடத்தில் விரல் நகம் நுழையும் அளவுக்கு ஒரு கோடு. வண்டியில் போகிறவருக்கு அது தெரியவே தெரியாது. மழை விட்ட மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். தளம் முழுக்கக் காய்ந்திருக்கும், அந்தக் கோடு மட்டும் ஈரமாக இருக்கும். ஓரத்தில் சேற்று நிறத்தில் மெல்லிய கறை படிந்திருந்தால் கதை முற்றிவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் கீழே ஜல்லி அடுக்குக்குப் போய்விட்டது. ஒவ்வொரு லாரி ஏறும்போதும் தளம் அழுந்துகிறது, உள்ளே இருக்கும் தண்ணீர் நுண்மண்ணைக் கரைத்துக்கொண்டு விரிசல் வழியே வெளியே பீய்ச்சுகிறது. அடியில் வெற்றிடம் உண்டாகிறது. அப்புறம் அந்த ஒற்றைக் கோடு கிளைவிட்டு முதலைத் தோல் மாதிரி ஆகும், அதில் ஒரு சில்லு பெயரும், அதுதான் குழி.

கோடாக இருந்தபோது சுத்தம் செய்து சூடான சீலன்ட் (விரிசலை அடைக்கும் கலவை) ஊற்றினால் முடிந்திருக்கும். முதலைத் தோல் ஆனபிறகு மேலே எதைப் போட்டாலும் ஓரிரு ஆண்டில் அதே கோலம் புதுத் தளத்திலும் மேலே எழும்பி வரும். அடித்தளத்தையே தோண்டி எடுக்க வேண்டும். இடைப்பட்ட காலம் நீளமானதும் இல்லை. சாலையின் நிலை வெகுநாள் மெதுவாக இறங்கி, ஒரு கட்டத்துக்குப் பிறகு மளமளவென்று சரியும். அந்தச் சரிவுக்கு முன்னால் செலவழிக்கும் பணமும் பின்னால் செலவழிக்கும் பணமும் ஒரே மதிப்புள்ளவை ஆகாது. ‘இன்று ஒரு ரூபாய், நாளை ஆறு முதல் பத்து ரூபாய்’ என்று ஒரு வளைகோடு எல்லாப் பயிற்சி வகுப்புகளிலும் காட்டப்படுகிறது. அதை அப்படியே உங்கள் அறிக்கையில் ஒட்டாதீர்கள். மண், மழை, போக்குவரத்து பொறுத்து அந்த எண் மாறும். உங்கள் பழைய டெண்டர் கோப்புகளை எடுத்து நீங்களே போட்ட கணக்கு ஒன்றிருந்தால் அதற்கு எதிரே யாரும் பேச மாட்டார்கள்.

எந்தச் சாலை நல்லது, எது மோசம் என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

புகார்களின் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யக் கூடாது. அதில் தெரிவது யார் அதிகம் எழுதுகிறார் என்பதுதான்.

உலகம் முழுக்கப் புழங்கும் இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. ஒன்று, தள நிலைக் குறியீடு. 1970-களில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை உருவாக்கியது. 100 என்றால் புதுத் தளம், 0 என்றால் உயிர் போய்விட்டது. சாலையைச் சுமார் 225 சதுர மீட்டர் துண்டுகளாகப் பிரித்துக்கொண்டு, அதில் சிலவற்றில் நடந்து போய், என்ன வகைப் பழுது, எவ்வளவு கடுமை, எத்தனை சதுர மீட்டர் அல்லது நீளம் என்று எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் 100-லிருந்து மதிப்பெண் கழிக்க வேண்டும். மற்றொன்று சர்வதேச சொரசொரப்புக் குறியீடு. 1982-ல் பிரேசிலில் உலக வங்கி ஆதரவில் நடந்த சோதனையிலிருந்து பிறந்தது. ஒரு கிலோமீட்டர் ஓடும்போது வண்டியின் சஸ்பென்ஷன் மொத்தம் எத்தனை மீட்டர் ஏறி இறங்குகிறது என்பதே அளவு. சாலையைப் பயன்படுத்துபவரின் முதுகெலும்பு உணர்வது இதைத்தான்.

நகரத் தெருக்களுக்கு முதலாவது போதும், வேகச் சாலைகளுக்கு இரண்டும் வேண்டும். இரண்டுமே மேலே தெரிவதைச் சொல்கிறவை, அடியில் வலு இருக்கிறதா என்று சொல்லாதவை. ஓவர்லேவா (பழைய தளத்தின்மேல் புதுத் தார் அடுக்கு), முழுதும் தோண்டுவதா என்று முடிவெடுக்கும் முன் அந்தத் துண்டில் மட்டும் எடையை விழவைத்து தளம் எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்கும் கருவியைக் கொண்டுவாருங்கள். மொத்த வலையமைப்புக்கும் அதைச் செய்யத் தேவையில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆண்டுக்கு ஆண்டு கணக்கெடுப்பவர் மாறினால், ஒருவருக்கு ‘நடுத்தரம்’ என்று பட்டது இன்னொருவருக்கு ‘கடுமை’ என்று படும். சாலை நிலை திடீரென்று பத்துப் புள்ளி ஏறியதாகத் தெரிந்தால் முதலில் ஆளைச் சந்தேகியுங்கள், அப்புறம் சாலையை. சில துண்டுகளை மட்டும் இரண்டு பேர் தனித்தனியே அளந்து ஒப்பிட்டுப் பார்ப்பது மலிவான காப்பீடு.

சரி, ஆண்டுக்கு எவ்வளவு பணம் வேண்டும்?

இதற்கு மென்பொருள் இல்லாமலே ஒரு தாளில் போடக்கூடிய கணக்கு ஒன்று இருக்கிறது. நிதித் திட்டத்தில் எனக்கு இதைவிடப் பிடித்தது வேறில்லை.

உங்களிடம் 1,000 தடக் கிலோமீட்டர் சாலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தடக் கிலோமீட்டர் என்றால் ஒரு வண்டித்தடம், ஒரு கிலோமீட்டர் நீளம். இருவழிச் சாலை ஒரு கிலோமீட்டர் என்பது இரண்டு தடக் கிலோமீட்டர். நீங்கள் ஒன்றுமே செய்யாமல் ஓர் ஆண்டு போனால் ஒவ்வொரு கிலோமீட்டரும் ஓராண்டு ஆயுளை இழக்கிறது. மொத்த இழப்பு 1,000 கிலோமீட்டர்-ஆண்டு. வலையமைப்பு இருந்த இடத்தில் நிற்க வேண்டுமென்றால் அந்த ஆண்டில் நீங்கள் செய்யும் வேலைகள் எல்லாம் சேர்ந்து 1,000 கிலோமீட்டர்-ஆண்டை வாங்கித் திரும்பப் போட்டாக வேண்டும்.

இனி விலைப்பட்டியல். இவை எடுத்துக்காட்டுக்கு நான் வைத்த எண்கள். உங்கள் ஒப்பந்த விலைகளையும் உங்கள் ஊர்ச் சாலைகளின் அனுபவத்தையும் வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு தடக் கிலோமீட்டருக்கு விரிசல் அடைப்பு 1 அலகுச் செலவு, 2 ஆண்டு கூடும். தார் தெளித்து ஜல்லி பரப்பும் சிப் சீல் 6 அலகு, 6 ஆண்டு. ஓவர்லே 30 அலகு, 10 ஆண்டு. அடித்தளத்திலிருந்து மறுகட்டுமானம் 120 அலகு, 25 ஆண்டு.

கையில் 2,400 அலகு இருக்கிறது. மோசமானதே முதலில் என்று முழுவதையும் மறுகட்டுமானத்தில் போட்டால் 20 கிலோமீட்டர் கிடைக்கும். 20 பெருக்கல் 25, அதாவது 500. இழந்தது 1,000, திரும்ப வந்தது 500. பளபளவென்று 20 கிலோமீட்டர் போட்டுவிட்டு மொத்த வலையமைப்பில் பாதி ஆண்டு ஆயுளைத் தொலைத்திருக்கிறீர்கள். அடுத்த ஆண்டும் இதேதான், அதற்கடுத்த ஆண்டும்.

அதே 2,400 அலகைப் பிரித்துப் பார்ப்போம். மறுகட்டுமானம் 8 கிலோமீட்டர்: 960 அலகு, 200 கிலோமீட்டர்-ஆண்டு. ஓவர்லே 30 கிலோமீட்டர்: 900 அலகு, 300. சிப் சீல் 70 கிலோமீட்டர்: 420 அலகு, 420. விரிசல் அடைப்பு 120 கிலோமீட்டர்: 120 அலகு, 240. செலவு அதே 2,400. திரும்ப வந்தது 1,160. இழப்பை ஈடுகட்டி 160 மிச்சம். பணம் ஒரு காசு கூடவில்லை.

இந்தக் கணக்கை யாராவது கையில் எடுத்துக்கொண்டு, ‘அப்படியானால் எல்லாவற்றையும் விரிசல் அடைப்பிலேயே போடலாமே’ என்று கேட்பார்கள். முடியாது. விரிசல் அடைப்பு இரண்டாண்டு தருவது நல்ல நிலையில் இருக்கும் சாலைக்குத்தான், முதலைத் தோலுக்கு இல்லை. ஒரே சாலையில் காலம் முழுக்க அதையே செய்துகொண்டும் இருக்க முடியாது, ஒரு கட்டத்தில் ஓவர்லே வந்தே தீரும். அதனால் ஒவ்வொரு வேலைக்கும் தகுதியான கிலோமீட்டர் எத்தனை இருக்கிறது என்ற பட்டியல் முதலில் வேண்டும். நிலைக் கணக்கெடுப்பு இல்லாமல் நிதித் திட்டம் போட முடியாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

திட்டம் எத்தனை ஆண்டுக்கு இருக்க வேண்டும்?

கணிப்பு 20 ஆண்டுக்காவது ஓட வேண்டும், ஏனென்றால் ஒரு தளத்தின் முழு வாழ்க்கைச் சுற்று அதற்குள்தான் தெரியும். ஐந்தாண்டு மட்டும் பார்த்தால் எதுவும் செய்யாமல் விடுவதே லாபம் போலத் தோன்றும், சரிவு ஆறாம் ஆண்டில் காத்திருக்கும். ஆனால் எந்தச் சாலை, எந்த வேலை, எந்த மாதம் என்று பெயர் சொல்லி எழுதுவது மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குப் போதும். அதற்கு மேல் எழுதினால் கற்பனை. ஆண்டுதோறும் ஓர் ஆண்டைத் தள்ளி, கடைசியில் ஓர் ஆண்டைச் சேர்த்துக்கொண்டே போங்கள்.

மன்றத்தின் முன் ஒரே ஒரு எண்ணைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். நான்கு கதைகளாக வையுங்கள்: ஒன்றும் தராவிட்டால் பத்தாம் ஆண்டில் சாலைகள் எப்படி இருக்கும், இப்போது தருவதே தொடர்ந்தால் எப்படி, இன்றைய நிலையிலேயே நிறுத்த எவ்வளவு வேண்டும், குறிக்கோளை எட்ட எவ்வளவு வேண்டும். நான்கிலும் சராசரிக் குறியீட்டோடு, மோசமான சாலைகளின் பங்கையும் காட்டுங்கள். சராசரி 70 என்பது எல்லாச் சாலையும் 70-ல் இருப்பதாலும் வரும், பாதி 95-லும் பாதி 45-லும் இருப்பதாலும் வரும். இரண்டுக்கும் தேவைப்படும் பணம் ஒன்றில்லை.

நிலுவைப் பணி என்கிறார்களே, அது என்ன? கடன் வாங்கி ஒரேயடியாக முடித்துவிடலாமா?

முந்தைய ஆண்டுகளில் செய்திருக்க வேண்டிய, செய்யாமல் விட்ட வேலைகளின் மொத்தச் செலவுதான் நிலுவை. கடன் மாதிரிதான் இதுவும், வட்டியும் உண்டு. ஆனால் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாத கடன்.

கடன் பத்திரம் வெளியிட்டு நிலுவையைக் குறைப்பதில் தவறில்லை. ஒரு விதியை மட்டும் மீறக் கூடாது: வாங்கும் பொருளின் ஆயுள் கடனின் காலத்தைவிட நீண்டிருக்க வேண்டும். 25 ஆண்டு நிற்கும் மறுகட்டுமானத்துக்கு 15 ஆண்டுக் கடன் சரி. இரண்டாண்டில் தீரும் விரிசல் அடைப்பை 15 ஆண்டுக் கடனில் செய்தால், தேய்ந்துபோன சீலன்டுக்கு 13 ஆண்டு தவணை கட்டுவீர்கள்.

இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியம். கடனில் புதிதாக்கிய சாலைகளை நாளை யார் பார்த்துக்கொள்வார்? எல்லாவற்றையும் ஒரே மூன்று ஆண்டுக்குள் போட்டுவிட்டால், எல்லாம் ஒரே காலத்தில் முதுமை அடையும். பன்னிரண்டாம் ஆண்டில் மொத்த வலையமைப்பும் ஒன்றாக ஓவர்லே கேட்டுக் கதவைத் தட்டும். நிலுவையைப் பத்தாண்டில் பரப்பிக் குறைப்பது ஒப்பந்ததாரர்களுக்கும் நல்லது. திடீரென்று மும்மடங்கு வேலை வந்தால் சந்தையில் விலைதான் ஏறும், ரோலர்களின் எண்ணிக்கை ஏறாது.

பணம் எங்கிருந்து வர வேண்டும்?

பழைய வழி எரிபொருள் வரி. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலம் 1919-ல் தொடங்கி வைத்தது. அதிகம் ஓடுகிறவர் அதிகம் எரிக்கிறார், அதிகம் கட்டுகிறார் என்ற எளிய நியாயம். இதில் இரண்டு ஓட்டைகள். லிட்டருக்கு அல்லது கேலனுக்கு இவ்வளவு என்று நிலையான தொகையாக வைத்தால் விலைவாசி அதைத் தின்றுவிடும். அமெரிக்காவின் கூட்டாட்சி பெட்ரோல் வரி 1993 முதல் கேலனுக்கு 18.4 சென்ட்டிலேயே நிற்கிறது. இரண்டாவது, மின்வண்டிகள் எரிபொருள் வாங்குவதே இல்லை, சாலையில் மட்டும் ஓடுகின்றன.

அதனால் கிலோமீட்டருக்குக் கட்டணம் என்ற பக்கம் பலர் நகர்கிறார்கள். நியூசிலாந்து 1978 முதலே டீசல் வண்டிகளிடம் தூரத்துக்கும் எடைக்கும் ஏற்பக் கட்டணம் வாங்குகிறது. 2024 ஏப்ரலில் இலகுரக மின்வண்டிகளையும் அதற்குள் கொண்டுவந்தது. ஐஸ்லாந்தும் 2024 தொடக்கத்தில் மின்வண்டிகளுக்குக் கிலோமீட்டர் கட்டணம் வைத்தது.

சொத்துவரியில் ஒரு பங்கு, வாகனப் பதிவுக் கட்டணம், சுங்கம், பொது வரவுசெலவிலிருந்து ஒதுக்கீடு என்று வேறு வழிகளும் இருக்கின்றன. எது சிறந்தது என்ற விவாதத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன். என் முடிவு இது: எந்த வழி என்பதைவிட, ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய ஒரே அளவு வருமா என்பதுதான் சாலைக்கு முக்கியம். ஓர் ஆண்டு இரு மடங்கும் அடுத்த ஆண்டு சுழியமும் வருவதைவிட, சராசரியில் கொஞ்சம் குறைவானாலும் தவறாமல் வரும் பணம் மேல். சிப் சீலுக்குப் பருவம் தவறினால் அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் அந்தச் சாலை சிப் சீல் கட்டத்தைத் தாண்டியிருக்கும்.

தனி சாலை நிதியம் வைத்தால் பிரச்சினை தீருமா?

பாதி தீரும். பிரிட்டன் 1920-ல் வாகன வரிப் பணத்தைச் சாலைக்கே வைக்க நிதியம் அமைத்தது. சில ஆண்டுகளிலேயே, நிதியமைச்சராக இருந்த சர்ச்சில் அதில் கைவைத்தார். 1937-லிருந்து வாகன வரி நேராகப் பொதுக் கருவூலத்துக்கே போகத் தொடங்கியது. இன்றும் அங்கே பலர் அதைச் ‘சாலை வரி’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், பெயர் மட்டும் தங்கிவிட்டது. உண்டியல் நிறைந்தால் கண்கள் திரும்பத்தான் செய்யும்.

1990-களில் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் வந்த இரண்டாம் தலைமுறை நிதியங்கள் இதைத் தெரிந்துகொண்டு கட்டப்பட்டவை. சட்டத்தின் மூலம் அமைந்தது, சாலையைப் பயன்படுத்துவோரின் பிரதிநிதிகளும் உட்காரும் குழு, பணம் கருவூலம் வழியாகச் சுற்றாமல் நேராக வருவது, ஆண்டுதோறும் வெளித் தணிக்கை, புதுச் சாலைக்குத் திருப்பாமல் பராமரிப்புக்கே முன்னுரிமை. இந்த ஐந்தில் ஒன்று குறைந்தாலும் அதன் வழியே பணம் கசியும் என்பது என் கருத்து. அதிலும் கடைசிதான் முதலில் உடைகிறது.

கனரக வாகனங்களுக்கு நிதித் திட்டத்தில் என்ன வேலை?

நிறைய வேலை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே, வெவ்வேறு தடிமனில் தளம் போட்டு, ராணுவ ஓட்டுநர்களை வைத்து லாரிகளை இரண்டாண்டு ஓட்டிப் பார்த்தார்கள். தளத்துக்கு ஏற்படும் சேதம் அச்சின் எடையோடு நேராக ஏறுவதில்லை, ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்கில் (எடை இரு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு) ஏறுகிறது என்று அதிலிருந்து கிடைத்தது. 8 டன் அச்சில் 10 டன் ஏற்றினால் எடை கால் பங்குதான் கூடுகிறது, சேதம் சுமார் 2.4 மடங்கு. காரின் அரை டன் அச்சு ஒன்று 65,000 முறைக்கு மேல் போனால்தான் ஒரு 8 டன் அச்சு ஒருமுறை போனதற்குச் சமம். துல்லியமான சட்டம் என்று பிடித்துக்கொள்ள வேண்டாம், பழுதின் வகையைப் பொறுத்து அடுக்கு மாறும். ஆனாலும் சொல்ல வருவது தெளிவு. பத்தாண்டுக்கென்று வடிவமைத்த சாலையில் அதிக பாரம் ஓடினால் உங்கள் நிதித் திட்டம் நான்கைந்து ஆண்டில் காலாவதி. எடை மேடைக்கு ஆகும் செலவைப் பராமரிப்புச் செலவாகவே பார்ப்பேன். குடியிருப்புத் தெருவில் பெரும்பாலும் கனமாக வருவது குப்பை வண்டிதான். அதன் பாதையை மாற்றி ஒரு தெருவைக் காப்பாற்றலாம்.

போட்ட மறுமாதமே குழாய்க்குத் தோண்டுகிறார்களே?

தோண்டி மூடிய இடம் என்றைக்கும் பழைய இடம் ஆகாது. பள்ளத்தின் ஓரங்களில் இருக்கும் மண்ணும் தளர்ந்துவிடும், ஒட்டின் விளிம்பு முழுக்கத் தண்ணீர் இறங்கும் புது வாசல். மூன்று ஏற்பாடுகள் உதவும்: குடிநீர், கழிவுநீர், கேபிள் துறைகளின் ஐந்தாண்டுத் திட்டத்தை வாங்கி உங்கள் பட்டியலோடு ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பது, புதுத் தளத்தில் அவசரம் தவிரச் சில ஆண்டு தோண்டத் தடை, தோண்டுபவரிடம் ஒட்டுப்போடும் செலவோடு இழந்த ஆயுளுக்கும் சேர்த்துக் கட்டணம். முதலாவதுக்குக் காசே ஆகாது, நடக்காமல் போவதும் பெரும்பாலும் அதுதான்.

விலைவாசி ஏற்றத்தை எப்படிக் கணக்கில் எடுப்பது?

பொது விலைவாசிக் குறியீட்டை நம்பாதீர்கள். தார் கச்சா எண்ணெயிலிருந்து வருகிறது, காய்கறி விலையோடு அதற்குச் சம்பந்தமில்லை. திட்டத்தை முதலில் கிலோமீட்டரிலும் டன்னிலும் எழுதுங்கள், விலையைத் தனி நெடுவரிசையாக வையுங்கள். தார் விலை ஏறினால் எத்தனை கிலோமீட்டர் குறைகிறது என்று உடனே காட்டலாம். நீண்ட ஒப்பந்தங்களில் தார் விலைக்கு ஏற்றத் தாழ்வுச் சரிக்கட்டல் விதி இருக்கட்டும். இல்லையென்றால் ஒப்பந்ததாரர் அந்த அபாயத்தை முன்கூட்டியே விலையில் ஏற்றிவிடுவார், விலை இறங்கினாலும் உங்களுக்குத் திரும்ப வராது.

மென்பொருள் வாங்கியே ஆக வேண்டுமா?

சில ஆயிரம் கிலோமீட்டர் இருந்தால் வாங்கலாம். உலக வங்கி வழிவந்த எச்டிஎம்-4 என்ற மென்பொருள் சாலையின் தேய்மானத்தோடு பயணிகளின் வண்டிச் செலவையும் சேர்த்துக் கணிக்கும், ஆனால் உங்கள் தட்பவெப்பத்துக்கும் போக்குவரத்துக்கும் ஏற்ப அளவுத்திருத்தம் செய்யாமல் ஓட்டினால் வரும் விடை அழகாக இருக்கும், அவ்வளவுதான். சிறிய வலையமைப்புக்கு எக்செல் தாளே தாராளம். எழுத ஆள் இல்லாமல் கிடக்கும் விலையுயர்ந்த மென்பொருளை விட, ஆண்டுதோறும் நிரப்பப்படும் எக்செல் தாள் எவ்வளவோ மேல்.

பராமரிப்பை நீண்டகால ஒப்பந்தத்தில் கொடுத்துவிடலாமா?

கொடுக்கலாம். ஒட்டுப்போட்ட சதுர மீட்டருக்குக் காசு கொடுத்தால் ஒப்பந்ததாரருக்குக் குழி ஒரு வருமானம். ‘குழி இருக்கக் கூடாது, சொரசொரப்பு இந்த அளவைத் தாண்டக் கூடாது’ என்று மாதத் தொகை பேசினால் குழி அவருக்கு நஷ்டம். அர்ஜென்டினா 1990-களில் சீரமைப்பையும் பராமரிப்பையும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டிக் கொடுத்தது இந்த யோசனையில்தான். அரசுக்கும் பல ஆண்டு ஒதுக்கீட்டை வெட்ட முடியாத கட்டு விழுகிறது, அது எனக்கு நல்லதாகவே படுகிறது. கவனிக்க வேண்டிய இடம் கடைசி இரண்டு ஆண்டு. ஒப்பந்தம் முடியும் நாளில் சாலைக்கு எத்தனை ஆண்டு ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும் என்று எழுதி வைக்காவிட்டால், அன்றைக்கு மறுநாள் சரியும் சாலை ஒன்று உங்கள் கைக்கு வரும். அளந்து சரிபார்க்க உங்கள் பக்கம் ஆள் வேண்டும், அந்தச் சம்பளத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

கணக்குப் பிரிவினர் தேய்மானம் எழுதுகிறார்களே, அதை வைத்து நிதித் தேவையைச் சொல்லலாமா?

உதவாது. தேய்மானம் என்றோ போட்ட விலையை ஆண்டுகளால் வகுப்பது, இன்றைக்கு ஓவர்லே என்ன விலை என்று அதற்குத் தெரியாது. அமெரிக்காவில் அரசுக் கணக்கியல் தர வாரியம் 1999-ல் ஒரு மாற்று வழியைத் திறந்தது. சாலைகளை அறிவித்த நிலைக்குக் கீழே விடாமல் வைத்திருக்கிறோம் என்று, மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது நிலையை அளந்து, தேவைப்படும் தொகையையும் செலவழித்த தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் தேய்மானம் எழுத வேண்டாம் என்றது. அந்த விதி உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை, அந்த இரண்டு நெடுவரிசை அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் அதற்கு இருக்கும் வலு பத்துப் பக்க விளக்கத்துக்கு இல்லை.

கேட்டதில் பாதிதான் தருகிறார்கள். எதை வெட்டுவது?

நடைமுறையில் உயிரான கேள்வி இது. எல்லாவற்றிலும் பாதி வெட்டுவதுதான் வழக்கம், அதுதான் மிக மோசமான வழி.

வடிகாலுக்கான பணத்தைத் தொடாதீர்கள். சாலையோரப் புல்மேடு தளத்தைவிட உயர்ந்திருந்தால் அதைச் சீவி, தண்ணீருக்கு வழிவிடுவது இருப்பதிலேயே மலிவான தளப் பராமரிப்பு. தண்ணீர் நிற்கும் சாலையில் எந்த வேலையும் நிலைக்காது. விரிசல் அடைப்பையும் தொடாதீர்கள், மொத்தத்தில் அது ஒரு துளி. உயிருக்கு ஆபத்தான குழிகளை மூடியே ஆக வேண்டும், அதில் கணக்குப் பார்க்க முடியாது. அடுத்து, சரிவின் விளிம்பில் நிற்கும் சாலைகளுக்குப் பணம். இந்த ஆண்டு சிப் சீல் அல்லது மெல்லிய ஓவர்லே போதும், அடுத்த ஆண்டு போதாது என்ற நிலையில் இருப்பவை அவை.

வெட்ட வேண்டியது மறுகட்டுமானத்தை. கேட்கக் கொடூரமாக இருக்கும், ஆனால் ஏற்கெனவே செத்துவிட்ட தளம் இன்னும் மூன்று ஆண்டு காத்திருந்தால் அதன் செலவு பெரிதாக ஏறாது, அது உச்சத்தில்தான் இருக்கிறது. அந்தச் சாலையில் குடியிருப்பவரிடம் இதை நேரில் சொல்லிப் பாருங்கள், எளிதில்லை. நான் சொல்லியிருக்கிறேன். ‘எங்கள் தெரு மோசமாக இருப்பதால்தான் எங்களுக்கு இல்லையா’ என்று கேட்டார்கள், பதில் ‘ஆமாம்’ என்பதுதான். அதனால் அத்தகைய சாலைகளுக்கு மூன்று காரியம் கட்டாயம்: ஓட்டக்கூடிய நிலையில் வைக்கும் தற்காலிக வேலை, எந்த ஆண்டில் மறுகட்டுமானம் என்று எழுத்தில் ஒரு தேதி, அந்தத் தேதியை அடுத்த ஒதுக்கீட்டில் முதல் வரியாக வைப்பது. தேதி தள்ளிப்போனால் கடிதம் போட்டுச் சொல்லுங்கள்.

போக்குவரத்து மிகக் குறைந்த சாலைகளுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது, யாருக்கும் பிடிக்காத வழி. தளத்தைப் பொடித்து, சமன்படுத்தி, சரளைச் சாலையாக மாற்றிவிடுவது. அமெரிக்காவில் மிச்சிகன், வடக்கு டகோட்டா பக்கம் கிராமப்புற நிர்வாகங்கள் சில 2010-ஐ ஒட்டி இதைச் செய்தன. குழி நிறைந்த தார்ச்சாலையை விட ஒழுங்காகச் சீவிய சரளை ஓட்டுவதற்கு நன்றாகவே இருக்கும். ஆனால் சரளைக்கும் ஆண்டுக்குப் பலமுறை கிரேடர் (சாலையைச் சீவிச் சமன்படுத்தும் இயந்திரம்) ஓட வேண்டும். அந்தச் செலவையும் பட்டியலில் எழுதிவிட்டுத்தான் இந்த முடிவை எடுக்க வேண்டும்.